எட்டு வருஷ ஊசி கேஸு

உக்காருங்க சார், உக்காருங்க. அந்த ஓரத்துல ஆணி நீட்டிக்கினு இருக்குது, பேண்டைக் கிழிச்சிடும். இப்படித் தள்ளி உக்காருங்க. நம்பரு எத்தினி உங்களுக்கு? நாப்பத்தி ஒண்ணா? அப்ப நேரம் கெடக்குது. எனக்கு முப்பத்தி நாலு. இப்பதான் முப்பதைக் கூப்ட்டாங்க. மக்கள் நீதிமன்றம்னா சும்மாவா, பத்து நிமிஷத்துக்கு ஒரு கேஸு. உள்ள போறான், கையெழுத்துப் போடறான், வெளிய வரான். எட்டு வருஷமா நவுராத கேஸு பத்து நிமிஷத்துல முடியுதுன்னா அதுல எதோ இருக்குது சார். எனக்கு அப்பவே மனசுல தட்டுச்சு.

சட்டைக்கு யாரு பெட்டி போட்டது? தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி. காலருக்கு உள்பக்கம் தேய்க்காம உட்டிருக்கான். கேட்டா எவன் பாக்கப் போறான்னுவான். மதுராந்தகத்துல இஸ்திரி வண்டி வச்சிருக்கேன் சார், இருவத்திரெண்டு வருஷமா கரிப் பெட்டிதான். தணிகாசலம்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுல யாரும் சொல்லுவாங்க. எங்கிட்ட துணி குடுத்தவன் கறை பட்டுச்சு, கருகுச்சுன்னு ஒரு நாள் வந்து நின்னது கெடையாது.

உங்களுது இன்னா, ஆக்சிடெண்டா? இன்சூரன்சு கம்பெனியோடவா? ஜாக்கிரதை சார். தானா வந்து தரேன்னா யோசிக்கணும். எனக்கும் ஊசி போட்ட கிளினிக்குக்காரங்க தானா வந்துதான் தரேன்றாங்க. எம்பொண்ணு காலு ஆபரேசனுக்கு இன்னா ஆவுதோ அதை அப்படியே குடுத்துடறாங்களாம். எட்டு வருஷமா "எங்க மேல தப்பே இல்ல"ன்னு நின்னவங்க இப்ப ஏன் தரணும்? சொல்லுங்க பாப்போம். தப்பு இல்லாதவன் குடுப்பானா?

எம்பொண்ணு பேரு கோபிகா. மூணாவது படிக்குது. அதுக்கு மூணரை மாசத்துல ஊசி போட்டோம் சார், புள்ளைங்களுக்கு எல்லாரும் போடற ஊசிதான். எங்க தெரு பின்னாடி ஒரு கிளினிக்கு, ஒரு டாக்டரம்மா, ஒரு நர்சு. நர்சு பேரு பூங்காவனம். எல்லாரும் பூங்காவனம் சிஸ்டர், பூங்காவனம் சிஸ்டர்னு தலையில தூக்கி வச்சிக்கினு ஆடுவாங்க. தொடையிலதான் போட்டுச்சு, இடது தொடை. போட்டுட்டு இன்னா சொல்லுச்சு தெரியுமா? "ஜொரம் வரும், வீங்கும், பயப்படாதீங்க. தேய்க்காதீங்க. சூடு வைக்காதீங்க. ஈரத்துணி போட்டா போதும்." இதை நல்லா கவனிங்க சார். வீங்கறதுக்கு முன்னாடியே வீங்கும்னு சொல்லுது! அதுக்கு எப்படித் தெரியும்? முன்கூட்டியே தெரிஞ்சிருக்குதுன்னா மருந்துல எதோ இருக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. நான் இதைத்தான் மொத மொத வக்கீலாண்ட சொன்னேன். வக்கீலு இளஞ்செழியன், நல்லவருதான், ஆனா எதைச் சொன்னாலும் "சரி சரி, எழுதிக்கிறேன்"ன்னுவாரு. எழுதினாரான்னு நான் பாக்கல.

வீங்குச்சு சார். சாயங்காலத்துக்குள்ள கல்லு மாதிரி ஆயிடுச்சு. புள்ள காலைத் தூக்க முடியாம அழுவுது. எம்பொண்டாட்டி அமுலு ஈரத்துணி, ஈரத்துணின்னு அதையே புடிச்சிக்கினு உக்காந்திருக்கா. நான் சொன்னேன், "அடியே, கல்லு மாதிரி கட்டியிருக்குது, இதுக்குப் போயி எவளாவது பச்சத் தண்ணிய வைப்பாளா? கட்டினது கரையணும்னா சூடு வேணும். இது கூடவா தெரியாது? சிஸ்டர் ஏன் சூடு வேணாம்னு சொல்லுச்சு? சூடு வச்சா மருந்து வெளிய வந்துடும், குட்டு தெரிஞ்சுடும்னுதான்"னேன். நமக்கு சூட்டைப் பத்தி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல சார். இருவத்திரெண்டு வருஷம்.

பழைய வேட்டி ஒண்ணை நாலா மடிச்சி, வண்டிமேல போட்டு, பெட்டியை வச்சி எடுத்தேன். சும்மா எடுத்து அப்படியே வச்சிடற ஆளில்ல நான். உள்ளங்கையில வச்சிப் பாத்தேன். இதமா இருந்துச்சு. தோ பாருங்க இந்தக் கையை. தொடுங்க, சும்மா தொடுங்க. பெட்டி சூடு ஏறிச்சா இல்லையான்னு பாக்கறதுக்கு அடியில தொட்டுப் பாப்பேன், ஒண்ணும் ஆவாது. பட்டா, நைலானா, காட்டனா, எதுக்கு எவ்வளோ சூடுன்னு இந்தக் கை சொல்லிடும். அந்தக் கையால பாத்துப் பாத்துதான் வச்சேன். மூணு நாளு, காலையில ஒரு தபா, மதியானம் ஒரு தபா. புள்ள கத்துச்சு, கத்தும்ல, உள்ள மருந்து கரையுதுல்ல. அமுலு வேற ஒரு பக்கம் ஓன்னு அழுதுக்கினு என் கையப் புடிச்சி இழுக்கறா. பொம்பளைங்களுக்கு மனசு தாங்காது.

நாலாவது நாளு கொப்புளம் கட்டிடுச்சு சார். இதைக் கேளுங்க. ஊசி குத்தின எடம் இவ்ளோண்டு, கடுகத்தினி. கொப்புளம் எவ்ளோ தெரியுமா? என் உள்ளங்கை அகலம். எம்மாம் பவரான மருந்தா இருந்தா உள்ளேருந்து கொதிச்சி இம்மாம் அகலத்துக்கு வெளிய வரும்! அப்படியே தோல் உரிஞ்சி, சீழ் வச்சி, புள்ளயத் தூக்கிக்கினு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். கீறி எடுத்தாங்க. பதினேழு நாளு. நான் வண்டிய அப்படியே தெருவுல உட்டுட்டு வராண்டாவுல படுத்துக் கெடந்தேன் சார். சாமி, காலு போனாலும் போவட்டும், உசுரைக் குடுத்துடுன்னு அழுதேன். நான் அழுது யாரும் பாத்ததில்ல. அன்னைக்கு அழுதேன்.

உசுரு நின்னுச்சு. காலுதான் போச்சு. போச்சுன்னா போவல, இருக்குது. ஆனா ஆறின தோலு இழுத்துக்கிச்சு. புள்ள வளர வளர அந்தத் தோலு மட்டும் வளர மாட்டேங்குது. தொடையும் வயிறும் சேர்ற எடத்துல கயிறு கட்டினாப்ல இழுக்குது. நேரா நிக்க முடியாது. சாஞ்சி சாஞ்சி நடக்கும். ஸ்கூல்ல பசங்க இன்னா பேரு வச்சிருக்காங்கன்னு எங்கிட்ட சொல்லாது. அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கும். பெரிய டாக்டரு சொல்லிட்டாரு, பத்து வயசுக்குள்ள ஆபரேசன் பண்ணி இழுத்த தோலைத் தளத்தி உட்டுட்டா காலு நேராயிடும், அதுக்கப்புறம் எலும்பே கோணிடும்னு. இப்ப எட்டரை.

அதான் கேஸு போட்டேன். கிளினிக்கு மேலயும் போட்டேன், மருந்துக் கம்பெனி மேலயும் போட்டேன். கம்பெனிக்காரன் ஒரு பெரிய டாக்டரு எழுதின காகிதத்தைக் கொண்டாந்து நீட்றான். இந்த ஊசியால இப்படி ஆவாதாம். டாக்டருக்கு டாக்டரு உட்டுக் குடுப்பானா சார்? அப்புறம் இன்னொண்ணு. அன்னிக்கு அதே மருந்துப் பெட்டியிலருந்து எடுத்துப் போட்ட ஊசி பதினோரு புள்ளைங்களுக்காம், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆவலியாம். அதுல ஒண்ணு பூங்காவனம் தங்கச்சி புள்ளையாம். பாத்தீங்களா? அவ தங்கச்சி புள்ளைக்கு நல்ல மருந்தா எடுத்துப் போட்டுக்கினா.

இந்த பூங்காவனம் கதையைச் சொல்றேன் கேளுங்க. அந்தம்மா மேலயும் சேத்துதான் கேஸு. கேஸு போட்டவன் வூட்டுக்கு எவளாவது வருவாளா? இது வரும் சார்! மாசம் ஒரு தபா வந்துடும். புள்ள காலைப் புடிச்சி நீவி உடும், மடக்கு நீட்டுன்னு பயிற்சி குடுக்கும். தேங்காண்ணையில இன்னா காய்ச்சுதோ, ஒரு பாட்டிலு. "இதைத் தடவுனா தோலு கொஞ்சம் இளகும்மா"ன்னும். குத்தம் இல்லாதவளுக்கு இன்னா அவசியம், சொல்லுங்க. மனசு உறுத்துது, அதான் வருது. நான் வண்டியாண்ட இருந்தா எதிர்ப்பக்கமா சுத்திக்கினு போவும், என் மூஞ்சியப் பாக்காது. அதுவே சாட்சி இல்லியா?

அதுவும் எம்பொண்டாட்டியும் குசுகுசுன்னு பேசுவாங்க. நான் உள்ள போனா பேச்சு நின்னுடும். இன்னாடி பேசினீங்கன்னா, "ஒண்ணுமில்ல, எண்ணெய் தீந்துபோச்சுன்னு சொன்னேன்"ன்னுவா. எண்ணெய் தீந்ததுக்கு எதுக்கு சார் கண்ணு கலங்கியிருக்கணும்?

அமுலுவும் மாறிட்டா. சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. எட்டு வருஷத்துல இந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்த நல்லாவும் பேசல, கெட்டாவும் பேசல. கோர்ட்டுக்கு ஒரு நாள் வரல. "நீ போய்ட்டு வா"ன்னுடுவா. சோறு கட்டிக் குடுப்பா. ஆனா ஒண்ணு, அன்னிலேருந்து புள்ளைக்கு வெந்நி நான் ஊத்தக் கூடாது. நான் செம்பை எடுத்தா ஓடியாந்து புடுங்கிக்குவா. "நீ இரு, நான் ஊத்திக்கிறேன்." பாலு நான் ஆத்திக் குடுத்தாக் கூட அவ ஒரு தபா வெரல உட்டுப் பாத்துட்டுதான் குடுப்பா. பெத்த அப்பன் சார் நான்! எனக்கு எப்படி இருக்கும்? ஒரு நாள் கேட்டேன், "ஏன்டி, எம்மேல நம்பிக்கை இல்லியா?" அவ பாலு டம்ளரைப் புள்ளகிட்ட குடுத்தா. அப்புறம், "உம்மேல நம்பிக்கை இல்லாமலா ஒங்கூட இருக்கேன்"ன்னா. அதுக்கு இன்னா அர்த்தம்னு இன்னி வரைக்கும் எனக்கு வெளங்கல.

இன்னிக்கு வந்திருக்கா. தோ, அந்த வேப்ப மரத்தடியில, நீலப் பொடவ. பக்கத்துல கோபிகா. புள்ள மைனரு, அதனால அம்மா அப்பா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு வக்கீலு சொல்லிட்டாரு. அதுக்காக வந்திருக்கா. வரும்போது பஸ்ஸுல மொத்தமா ஒரே ஒரு வார்த்ததான் பேசினா. "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடு. உள்ள ஒண்ணும் பேசாத." ஏன் பேசக் கூடாது? எட்டு வருஷமா அலைஞ்சவன் நானு. பேசறது எங்கேஸு.

இப்ப விசயத்துக்கு வரேன். காலையில ஒரு கூத்து நடந்துச்சு. கிளினிக்கு வக்கீலு ஒருத்தன், கண்ணாடி போட்டவன், எங்க வக்கீலைத் தனியாக் கூப்ட்டுக்கினு போயி ஒரு காகிதத்தக் காட்டினான். நான் உடுவேனா? பின்னாடியே போயி, "இன்னா அது, எங்கிட்டயும் காட்டுங்க"ன்னேன். எங்க வக்கீலுக்கு மூஞ்சே இல்ல. "தணிகாசலம், அப்புறம் பேசிக்கலாம்"ங்கறாரு. நான் புடுங்கிக்கினேன். தோ, ஜெராக்ஸு. பெரியாஸ்பத்திரியில புள்ளயச் சேத்த அன்னிக்கு எழுதினதாம். இங்கிலீசு. கீழ பாத்தா அமுலுன்னு கையெழுத்து. அவ கையெழுத்துதான், அந்தக் கோணல் எனக்குத் தெரியாதா. வக்கீலு படிச்சிச் சொன்னாரு. ஆனா அவரு சொன்னதை நான் நம்பல. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, ஒங்களுக்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தமில்ல. ஒரு தபா படிங்க சார். அந்தப் பேனாவால கோடு போட்ட எடம்.

இன்னா போட்டிருக்குது?

"வீக்கத்தின் மேல் மூன்று நாட்கள் சூடான துணியால் ஒத்தடம் வைத்ததாகக் குழந்தையின் தாய் சொல்கிறார்." அதேதானா? "தீக்காயம்"னும் போட்டிருக்குதா? நல்லாப் பாத்தீங்களா? தாய்னுதான் போட்டிருக்குதா?

சரி. அப்ப வக்கீலு பொய் சொல்லல. ஒரு சந்தேகம் தீந்துச்சு.

ஆனா பாருங்க சார், எப்பேர்ப்பட்ட அக்கிரமம்! தாயாம். அமுலு வச்சாளாம்! எனக்கு மொதல்ல அவ மேலதான் கோவம் வந்துச்சு, மறைக்காம சொல்றேன். பூங்காவனம் எதோ மந்திரம் போட்டு இவ வாயால சொல்ல வச்சிருக்குது, ரெண்டு பேரும் சேந்துக்கினு எனக்குக் குழி வெட்டியிருக்காங்கன்னு நெனச்சேன். மரத்தடிக்குப் போயி, "இன்னாடி இது"ன்னு காகிதத்த நீட்டினேன். அவ வாங்கிப் பாக்கக் கூட இல்ல. இன்னான்னு தெரிஞ்ச மாதிரி தலையக் குனிஞ்சிக்கினா. "நீ சொன்னியா?" "சொன்னேன்." "ஏன்டி சொன்ன?" அதுக்கு அவ, "டாக்டரு யார் வச்சதுன்னு கத்தினாரு. போலீசுல சொல்லுவேன்னாரு. நான்னு சொல்லிட்டேன். அதோட உடு"ன்னா. புள்ள எங்க ரெண்டு பேர் மூஞ்சையும் மாத்தி மாத்திப் பாக்குது. அதுக்கு எதிர்ல வேணாம்னு காகிதத்த மடிச்சி பாக்கெட்டுல வச்சிக்கினேன்.

வெளங்குச்சா சார்? மெரட்டியிருக்காங்க! பச்சப் புள்ளைய மடியில வச்சிக்கினு நின்ன பொம்பளைய மெரட்டி, போலீசுன்னு சொல்லி, எதையோ எழுதி, கீழ கையெழுத்து வாங்கியிருக்காங்க. எட்டு வருஷமா இந்தப் பழிய இவ சொமந்துக்கினு இருந்திருக்கா சார். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதான் கோர்ட்டுக்கு வராம இருந்திருக்கா. வந்தா இதை எடுத்து நீட்டுவாங்களேன்னு பயம். இப்பதான் எல்லாம் புரியுது எனக்கு. பாவம் சார் அவ.

வக்கீலு இன்னா சொல்றாரு தெரியுமா? "தணிகாசலம், இந்தக் காகிதம் உள்ள போனா ஒனக்கு ஒரு பைசா கெடைக்காது. டாக்டரம்மா நல்ல மனசோட சொல்லிட்டாங்க, தாயைக் கூண்டுல ஏத்தி இதைக் கேக்க வேணாம், புள்ள ஆபரேசனுக்கு ஆவறதக் குடுத்து முடிங்கன்னு. பூங்காவனம்தான் போயி அவங்ககிட்ட பேசியிருக்குது. யார் மேலயும் குத்தமில்லன்னு எழுதியிருக்கும், கண்ண மூடிக்கினு கையெழுத்துப் போடு. அடுத்த மாசம் பொண்ணு நேரா நடக்கட்டும்"ன்றாரு. கையக் கூடக் கும்பிட்டாரு சார். வக்கீலு கையெடுத்துக் கும்பிட்டா அதுல இன்னும் எதோ இருக்குது.

நான் யோசிச்சேன். ஏன் இந்தக் காகிதத்த உள்ள வைக்காம வெளியவே காட்டி முடிக்கப் பாக்கறானுங்க? உள்ள வச்சா பொய்யின்னு நிரூபிச்சிடுவோம்னு பயம்! இந்தக் காகிதம் பொய்யி சார். பச்சப் பொய்யி. அதை என்னால ஒரு நிமிஷத்துல நிரூபிக்க முடியும். அமுலு அந்தத் துணியத் தொட்டதே கெடையாது. அவ ஈரத்துணிதான் வச்சா. வேணாம் வேணாம்னு அழுதா. வச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா? நான் பக்கத்துலதான இருந்தேன்? வச்சது நானு! பெட்டியில சூடு பண்ணி, என் கையால பாத்து, என் கையால வச்சேன். மூணு நாளும் நான்தான் வச்சேன். இதைப் போயி ஜட்ஜையாகிட்ட நேருக்கு நேரா சொல்லிட்டேன்னு வைங்க, அந்தக் காகிதம் கிழிஞ்சிடும். தாய் வச்சான்னு எழுதினது பொய்யின்னா, அதுல எழுதின மத்ததும் பொய்யிதான?



கைய உடுங்க சார். எதுக்கு என் கையப் புடிக்கிறீங்க? போவாதேன்றீங்களா? கையெழுத்து மட்டும் போடுன்றீங்களா? இதையேதான் அவளும் சொன்னா, இதையேதான் வக்கீலும் சொன்னாரு. நீங்க யாரு சார்? நெசமாலுமே ஆக்சிடெண்டு கேஸுக்குத்தான் வந்தீங்களா? நம்பரக் காட்டுங்க பாப்போம். நாப்பத்தி ஒண்ணு. சரி, நம்பரு இருக்குது. நம்பரு எவன் வேணும்னாலும் வாங்கிக்கலாம்.

கோவிச்சிக்காதீங்க. ஒங்களுக்கு இன்னா தெரியும், பாவம். எட்டு வருஷம் ஒரு பொம்பள செய்யாத தப்ப மனசுல வச்சிக்கினு பக்கத்துல படுத்துக் கெடந்திருக்கா. நான் ஆம்பளையா இருந்து அதைத் தொடைக்கலன்னா நான் இன்னா புருசன்? யார் மேலயும் குத்தமில்லன்னு எழுதிட்டா அவ பேரு அந்தக் காகிதத்துல அப்படியே நிக்கும். எம்பொண்ணு நாளைக்கு வளந்து இதை எடுத்துப் படிச்சா, அம்மாதான் என் காலைச் சுட்டான்னு நெனச்சிக்கும். அது எவ்வளோ பெரிய பாவம்! உட மாட்டேன்.

முப்பத்தி நாலா? கூப்ட்டாங்களா? தோ, தோ வரேங்க ஐயா! தணிகாசலம் நான்தான்!

அமுலு! எழுந்துரு, புள்ளயக் கூட்டிக்கினு வா. மெதுவா நடக்க வச்சிக் கூட்டியா, அவசரமில்ல. ஏன்டி என் கையப் புடிச்சி இழுக்கற? கண்ணத் தொடை. உள்ள நீ ஒண்ணும் பேச வேணாம். உம்மேல ஒரு சொல்லு உழாம நான் பாத்துக்கறேன். எல்லாத்தையும் நான் சொல்றேன்.